யாரும் பெயர் கொடுக்காத மணி

டிரெஸ்டன், ஜெர்மனி



ஊழியத்தில் பழைய வாஞ்சை இல்லை, ஆத்தும பாரம் குறைந்துபோயிற்று என்று ஊரிலிருந்து எழுதுகிறீர்கள். உடனே எழுப்புதல் கூட்டம், பெரிய மேடை, வெளியூர்ப் பிரசங்கியார் என்றுதான் நமக்கு யோசனை போகிறது. நான் இருக்கும் சாக்சனி மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் ஹெர்ன்ஹூட் என்றொரு சிற்றூர் உண்டு. அந்த ஊர் வேறு வழியில் போனது.

மொராவியாவிலிருந்து விசுவாசத்துக்காக ஓடிவந்தவர்களுக்கு 1722இல் சின்சென்டார்ஃப் பிரபு தம் நிலத்தில் இடம் கொடுத்தார். ஐந்து வருடத்துக்குள் உபதேசச் சண்டையில் ஊர் பிளந்து கிடந்தது. பிரபு வீடு வீடாகப் போய்ப் பேசினார். 1727 ஆகஸ்ட் 13 அன்று, பக்கத்து பெர்தெல்ஸ்டார்ஃப் ஆலயத் திருவிருந்தில் மனம் உடைந்து ஒப்புரவானார்கள். அந்த மாதக் கடைசியில் 24 ஆண்களும் 24 பெண்களும் இரவு பகல் முழுவதையும் மணிக்கணக்கில் பங்கிட்டு ஜெபிக்கத் தொடங்கினார்கள். நூறு ஆண்டுக்கும் மேலாக அது தொடர்ந்தது. நம் சபைகளின் சங்கிலி ஜெபத்துக்கு இது மூத்தது.

முதலில் ஒப்புரவு, அப்புறம் ஜெபம், அதற்கும் பிறகுதான் ஊழியம். 1731இல் கோபன்ஹேகனில் அந்தோன் என்ற அடிமை, கரீபியக் கடலின் செயின்ட் தாமஸ் தீவில் தன் சகோதரி நற்செய்திக்கு ஏங்குவதாகச் சொன்னார். மறுவருடம் குயவர் லியோனார்ட் டோபரும் தச்சர் டேவிட் நிட்ச்மனும் அங்கே புறப்பட்டார்கள். இருவரும் தங்களை அடிமைகளாக விற்றுக்கொண்டார்கள் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அதற்கும் ஆயத்தமாக இருந்தார்கள் என்பதே உண்மை, விற்றுக்கொள்ளவில்லை. தச்சு வேலை செய்து பிழைத்தார்கள். கைத்தொழிலோடு செய்த அந்த ஊழியம் எனக்கு அந்தக் கட்டுக்கதையைவிடப் பெரிதாகப் படுகிறது. 1760இல் ஹெர்ன்ஹூட் சபையின் வேறு சகோதரர்கள் நம் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். அங்கிருந்து நிக்கோபார் போனவர்களில் பலர் காய்ச்சலில் மாண்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அதே செயின்ட் தாமஸில் சில வருடங்களிலேயே மிஷன் ஒரு தோட்டத்தை வாங்கியது. அடிமைகளை வைத்து வேலை வாங்கியது. யாருக்காகக் கடல் தாண்டினார்களோ, அவர்களுக்கே எஜமான்கள் ஆனார்கள். வாஞ்சை தணிந்தால் ஊழியம் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். ஊழியம் நடந்துகொண்டே இருக்கும்; இரக்கம் போய்விடும். நான் பயப்படுவது அதற்குத்தான்.

எல்லோரும் எந்நேரமும் அனலாய் இருக்க முடியாது. ஹெர்ன்ஹூட்டில் ஒருவர் தளர்ந்தபோது அடுத்தவர் விழித்திருந்தார். தளர்ந்தவர் தூங்கி எழுந்து, தம் மணிக்குத் திரும்ப வந்தார். நாமோ சபையின் பாரம் முழுவதையும் ஒரே போதகர் தலையில் ஏற்றிவிட்டு, அவர் பிரசங்கத்தில் அனல் இல்லை என்கிறோம். கிராம ஊழியம், ஆஸ்பத்திரி சந்திப்பு, சிறுவர் ஊழியம், வீட்டு ஜெபம் என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் ஓடுகிறார். அவர் வீட்டாரும் சேர்ந்தே ஓய்ந்துபோகிறார்கள். இது அநியாயம்.

ஆகவே ஒன்று கேட்கிறேன். சபையில் யாரோடு பேசாமல் இருக்கிறீர்களோ, வரும் திருவிருந்துக்கு முன் அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். பிறகு ஜெப அட்டவணையை எடுத்து, யாரும் பெயர் கொடுக்காத அதிகாலை மூன்று மணிக்கு நேரே உங்கள் பெயரை எழுதுங்கள்.