மொதல்ல ஆளு, அப்புறம் ஸ்நேரு

மேலூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. ராத்திரி ஒன்பது மணிக்கு இன்னிசைக் கச்சேரி. மதியம் மூன்றுக்கே வேன் வந்து நின்றுவிட்டது. சவுக்குக் கம்பு நட்டு, பலகை பரப்பிக் கட்டிய மேடை. ஒரு ஓரத்தில் ஆள் நடந்தால் மறு ஓரத்தில் மைக் ஸ்டாண்ட் தலையாட்டுகிறது. பாடகர்களை எல்லோரும் பார்ப்பார்கள். நான் போனது டிரம்ஸ் செட் பூட்டும் இருவரைப் பார்க்க: நாற்பதைத் தாண்டிய ஒருவர், அவரை ‘மாமா’ என்றழைக்கும் பையன் ஒருவன்.

முதலில் விரிந்தது ஒரு நைந்த கம்பளம். அதன்மேல் எங்கெங்கோ வெள்ளை டேப் துண்டுகள். ஒவ்வொரு துண்டும் ஒரு காலுக்கான இடம். ஸ்டூல் வந்தது, கிக் பெடல் வந்தது, ஹை-ஹேட் வந்தது. டிரம்மர் வருவதற்கு இன்னும் நேரமிருந்ததால் பையனே ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பெடலிலும் கால் வைத்தான். இருவருக்கும் ஒரே உயரமாம். அந்த இரண்டு தொடைகளுக்கு நடுவில்தான் ஸ்நேர் டிரம்முக்கு இடம். “மொதல்ல ஆளு, அப்புறம் ஸ்நேரு. ரேக்கெல்லாம் அதுக்கப்புறந்தான் சார்” என்றார் பெரியவர். பளபளவென்று வளைந்து நிற்கும் அந்தக் குழாய்ச் சட்டம்தான் செட்டின் முதுகெலும்பு என்று கீழே நிற்பவனுக்குத் தோன்றும். அது கடைசியில் வருகிற உடுப்பு.

ஸ்நேர் 14 இன்ச் அகலம், ஐந்தாறு இன்ச் ஆழம். அடித்தோலின் குறுக்கே சுருள் கம்பிகள், பெரும்பாலும் 20 இழை. ‘சரக்’ என்ற அந்த ஓசை அவற்றிலிருந்துதான். மூன்று கை விரிந்த கூடையில் அதை உட்கார வைக்கும்போது எந்தக் கையும் கம்பிமேல் படக் கூடாது. கம்பியைத் தளர்த்தும் விசை இடக்கைக்கு எட்ட வேண்டும். கூடையை இறுக்கிப் பிடித்தால் ஓசை செத்துப்போகும், லேசாகவிட்டால் டிரம் ஆடும். பையன் இறுக்கிவிட்டு ஓரத்தில் விரலால் தட்டிக் கேட்டான், அரைத் திருகு விட்டான், மறுபடி தட்டினான். விளிம்பு தொடைக்குச் சற்று மேலே நிற்கவேண்டும். தாழ்ந்தால் குச்சி தொடையில் விழும். உயர்ந்தால் தோள் தூக்கி அடித்து, பத்தாவது பாட்டில் கை கடுக்கும். “மாமா, ஒரு நூல் ஏத்தவா?” தச்சர் கணக்கு மேடைக்கும் வந்துவிட்டது.

இந்த ரேக் 1980களில் பரவிய சாமான். அமெரிக்க டிரம்மர் ஜெஃப் போர்காரோவின் யோசனையிலிருந்து பேர்ல் நிறுவனம் கொண்டுவந்தது. ஆளுக்கு மூன்று காலாக நிற்கும் ஸ்டாண்டுகள் குறைந்து, எல்லாம் ஒரே சட்டத்தில் ஏறும். கிளாம்ப்புக்குப் பக்கத்தில் ஒரு வளையத்தைப் பூட்டிவைத்தால் அடுத்த ஊரிலும் அதே இடம், அதே சாய்வு. பலகை மேடையில் தனித்தனியாக ஆடுவதைவிட எல்லாம் சேர்ந்து ஆடுவது மேல் என்பது பெரியவரின் கட்சி.

டாம், சிம்பல் எல்லாம் ரேக்கில் சமர்த்தாக நிற்கும். ஸ்நேர்தான் முரண்டு பிடிக்கும். குழாய் இருப்பது செட்டுக்கு முன்னால், ஸ்நேர் இருக்கவேண்டியது மடிக்கு அருகே. நடுவில் ஒரு கை நீள வேண்டும். நாலைந்து கிலோ எடை அதன் நுனியில் தொங்க, மேலிருந்து அடிமேல் அடி. கை நீளநீள டிரம் துள்ளும். உருண்டைக் குழாய் என்றால் கிளாம்ப் மெதுவாகச் சுழன்று, பாட்டுக்குப் பாட்டு ஸ்நேர் தலை கவிழும். சதுரக் குழாயில் சுழலாது. ஆனால் இவர்களிடம் இருப்பது உருண்டை. அதனால் இடப்பக்கம் உள்நோக்கி வளைந்த குட்டைக் குழாயில் கிளாம்ப்பைப் போட்டு, கையைச் சாண் நீளத்துக்குள் அடக்கி, அதே இடத்தில் தரையைத் தொடும் கூடுதல் கால் ஒன்றையும் ஊன்றினார்கள். எந்தக் கடையிலும் சொல்லித்தராத ஏற்பாடு இது. எனக்கு அன்று மேடையில் மிகப் பிடித்தது அந்த ஒற்றைக் கால்தான்.

ஏழு மணிக்கு டிரம்மர் வந்தார். கூடவே, பழைய பாட்டுகளுக்கு மட்டும் வாசிக்க ஒரு மூத்தவர். அவர் இடக்குச்சியை உள்ளங்கை மேல்நோக்கிப் பிடிப்பவர். தோளில் வார் மாட்டி, இடுப்போரம் சாய்ந்து தொங்கும் டிரம்மை அடித்துக்கொண்டே நடந்த ராணுவ பேண்டுக்காரர்களின் பிடி அது. கல்யாண பேண்டில் இன்றும் பார்க்கலாம். அந்தப் பிடிக்கு ஸ்நேர் வலப்பக்கம் சரிந்து நிற்க வேண்டும். இளையவருக்கோ மட்டமாக வேண்டும். மூத்தவர் உட்கார்ந்து ஒரு ரோல் வாசித்தார், டாமில் ஒரு தட்டு தட்டினார். குழாய் வழியே அதிர்வு ஓடி ஸ்நேர்க் கம்பி முனகியது. “தம்பி, இதக் கழட்டிட்டுத் தனி ஸ்டாண்டு குடு.”

பலகையில் நிற்கும் தனி ஸ்டாண்டுக்கும் கிக்கின் அதிர்வு வந்து சேரத்தான் செய்யும். பெரியவர் வாதாடவில்லை. “சரிண்ணே” என்றார். வேனில் ஒரு ஸ்டாண்ட் எப்போதும் கிடக்கிறது. இடைவேளைக்குள் ரேக் கையைக் கழற்றி ஸ்டாண்டில் மாற்ற, மூத்தவர் முடித்ததும் திரும்ப ரேக்கில் பூட்ட, பையன் கிளாம்ப்பின் ஓரத்தில் மார்க்கரால் இரண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தான்.