மழையோடு வந்த குரல்

ஷில்லாங்கிற்குப் பணிமாற்றம் பெற்றுச் சென்றபோது, காசி இனப் பெண்மணி ஒருவரின் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தேன். அவரை எல்லாரும் 'காங்' என்றே அழைப்பர். நம் வழக்கில் 'அக்கா' என்பதற்கு நிகரான சொல் அது. மாலைதோறும் அவர் வீட்டு ஒலிநாடாவிலிருந்து ஓர் ஆங்கிலப் பெண்குரல் மழையோடு கலந்து வரும். பாடுவது யார் என்று ஒருநாள் கேட்டேன். "பேட்சி கிளைன். முப்பது வயதிலேயே போய்விட்டாள்" என்றார் காங், தம் வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல. அதன் பிறகே அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

மாணவர்களே, அமெரிக்கச் சிற்றூர் மக்களின் பாடல்களிலிருந்து வளர்ந்தது 'கண்ட்ரி' இசை. அவ்விசையைப் பாடிய பேட்சி, 1932ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்து வின்செஸ்டரில் பிறந்தார். தந்தை குடும்பத்தைப் பிரிந்து சென்றார்; தாய் ஹில்டா தையல் வேலை செய்தார். மகளும் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு மருந்துக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். இரவில் மேடைகளில் பாடினார். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டே கற்றார். மேடை உடைகளைத் தைத்துக் கொடுத்தவர் தாயே.

1954இல் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் பெரும் விலங்காயிற்று. அந்த நிறுவனம் உரிமை வைத்திருந்த பாடல்களை மட்டுமே அவர் பாடலாம். 1957இல் தொலைக்காட்சிப் போட்டியில் பாடி வென்ற பாட்டு ஒன்று நாடெங்கும் புகழ்பெற்றது. அதன்பின் பதிவு செய்தவை எவையும் எடுபடவில்லை. குரலில் குறையில்லை, தேர்ந்தெடுக்கும் உரிமைதான் இல்லை. ஒப்பந்தம் முடிந்து, 1960இல் வேறு நிறுவனத்திற்காக, இசைத் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லியின் துணையோடு பாடிய பாட்டு மறு ஆண்டில் முதலிடம் பெற்றது.

அந்தப் பாட்டு ஏறிக்கொண்டிருந்த வேளையில், 1961 ஜூனில், கார் விபத்தில் சிக்கினார். நெற்றி கிழிந்தது, விலாவிலும் அடிபட்டது. ஏறத்தாழ ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்தார். ஆகஸ்டில், ஊன்றுகோல் துணையோடு 'கிரேஸி' என்னும் பாட்டைப் பதிவு செய்ய வந்தார். எழுதியவர் அப்போது பெயர் பெறாத வில்லி நெல்சன். பல மணி நேரம் முயன்றும் உயர்ந்த சுரங்களுக்கு ஏற இயலவில்லை. மூச்சை இழுத்தாலே விலா வலித்தது. இசைக்கருவிகளை மட்டும் பதிவு செய்துகொண்டு அனுப்பி வைத்தனர். பின்னர் திரும்பி வந்து பாடி முடித்தார். மழையில் நான் கேட்டது அதைத்தான். அந்தப் பாட்டில் வலி தெரிவதாகச் சிலர் கூறுவர். எனக்கென்னவோ அதில் நிதானமே கேட்கிறது.

1963 மார்ச்சில், விபத்தில் இறந்த வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் குடும்பத்திற்கு நிதி திரட்ட, கான்சாஸ் சிட்டியில் பாடினார். திரும்பும்போது தோழி ஒருவர் தம் காரில் வருமாறு அழைத்தார். பிள்ளைகள் இருவரையும் விரைவில் காண எண்ணிய பேட்சி, சிறு விமானத்தையே தேர்ந்தார். மார்ச் 5 அன்று மோசமான வானிலையில் டென்னசி மாநிலக் காட்டில் அது வீழ்ந்தது. உடனிருந்த மூவரும் மாண்டனர். விரும்பியதைப் பாடும் உரிமை அவருக்கு வாய்த்தது இரண்டரை ஆண்டுகளுக்கும் குறைவே.

இதைக் காங்கிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சென்று ஒலிநாடாவைத் திருப்பிப் போட்டார்.