தலைக்கவசத்துக்குள் இருந்த முகம்

முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே, அமெரிக்காவின் இ.சி. காமிக்ஸ் மறுபதிப்புத் தொகுதிகள் நண்பர் ஒருவர் வழியே கைக்கு வந்தபோது, பழைய பிரியம் ஒன்றைப் புதுப்பித்துக்கொள்ளும் மனநிலையில்தான் மூவரும் அவற்றைப் பிரித்தோம். ‘வியர்ட் சயின்ஸ்’, ‘வியர்ட் ஃபேன்டஸி’ என இரண்டு இதழ்கள். இரண்டும் 1950இல் தொடங்கியவை. இதழுக்குப் பெரும்பாலும் நான்கு தனிக்கதைகள். தொடர் நாயகன் என்று எவரும் இல்லை என்பதால் யாரும் சாகலாம், பூமியே அழியலாம்.

சில கதைகளிலேயே சூத்திரம் பிடிபட்டுவிட்டது. காலத்தில் பின்னோக்கிச் சென்றவன் தனக்கே தகப்பனாகிறான் என்பது போல, கடைசிக் கட்டத்தில் ஒரு திருப்பம். ஓ. ஹென்றியை விண்கலத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று சிரித்தோம். ஒரு கட்டத்தில் முடிவை முன்கூட்டியே ஊகிப்பது எங்களுக்குள் பந்தயமாகவே ஆகிவிட்டது.

இந்தச் சூத்திரம் பிறந்த விதம் சுவையானது. வேதியியல் ஆசிரியராக விரும்பிய வில்லியம் கெய்ன்ஸின் தலையில், 1947இல் தந்தை படகு விபத்தில் இறந்ததும், பைபிள் கதைகளைச் சித்திரங்களாக வெளியிட்டுவந்த நிறுவனம் வந்து விழுந்தது. உடல் மெலிய உட்கொண்ட மாத்திரைகளால் அவருக்கு உறக்கம் கெட்டது. இரவெல்லாம் அறிவியல் கதைகளை வாசித்து, காலையில் கருக்களோடு வந்து அல் ஃபெல்ட்ஸ்டீனிடம் சொல்வார். ஃபெல்ட்ஸ்டீன் ஓவியத்தாளிலேயே நேரடியாகக் கதையை எழுதுவார். லெராய் என்னும் அச்சுக்கருவியால் எழுத்துகள் பதிக்கப்பட்ட பிறகுதான் தாள் ஓவியரிடம் போகும். எழுத்து விட்ட இடமே ஓவியருக்கு. அவனது கண்கள் அச்சத்தில் விரிந்தன என்று மேலே எழுதியிருக்கும்; கீழே கண்கள் விரிந்திருக்கும். இது குறைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மிச்ச இடத்துக்குள் குழாய்களும் முள்காட்டிகளும் நெம்புகோல்களுமாக ஓர் உலகத்தையே அடைத்துவிடுகிறாரே வாலி வுட், அதை என்னவென்பது!

இரவல் கருக்களில் சில இரவல் என்ற எல்லையைக் கடந்தவை. 1952இல் ரே பிராட்பரியின் இரு கதைகளைப் பிணைத்து ஒரே கதையாக வெளியிட்டார்கள். பிராட்பரி வழக்குத் தொடுக்கவில்லை. தமக்குச் சேரவேண்டிய 50 டாலரை அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலும் என்று மென்மையாக ஒரு கடிதம் எழுதினார். பணம் போனது, பிறகு அவரது அனுமதியோடே பல கதைகள் வந்தன.

1953இல் வெளியான ‘ஜட்ஜ்மென்ட் டே’ கதைக்கும் வழக்கம்போலப் பந்தயம் வைத்தோம். எழுதியவர் ஃபெல்ட்ஸ்டீன், வரைந்தவர் ஜோ ஓர்லாண்டோ. இயந்திர மனிதர்கள் மட்டுமே வாழும் கோள் ஒன்று, விண்மீன் குடியரசில் சேரத் தகுதி பெற்றதா என்று பார்க்க டார்ல்டன் என்பவர் பூமியிலிருந்து வருகிறார். ஆரஞ்சு நிற இயந்திரர்கள் எல்லா வசதிகளோடும் வாழ்கிறார்கள். நீல நிறத்தவர்களுக்கு நகரின் மறுபக்கம், வண்டியில் பின்பகுதி. உள்ளுறுப்புகளில் இருவருக்கும் வேறுபாடு எதுவும் இல்லை. டார்ல்டன் தகுதியில்லை என்று சொல்லிப் புறப்படுகிறார். விண்கலத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். கறுப்பின மனிதர். முகத்தில் வியர்வைத் துளிகள்.

டார்ல்டனும் இயந்திரம்தான் என்பது எங்களில் ஒருவரின் பந்தயம். மூவருமே தோற்றோம். தோற்றது பெரிதல்ல. அந்த முகம் கதை முழுக்கக் கவசத்துக்குள்தான் இருந்தது. அது என்ன நிறம் என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஆயினும் மூவரும், தனித்தனியே, அதற்குள் ஒரு வெள்ளை முகத்தைப் பொருத்தி வைத்திருந்தோம். எங்களில் எவர் தோலும் வெள்ளையில்லை. நகரின் மறுபக்கம் என்று வாசித்தபோதும், நாங்கள் பிறந்த ஊர்களின் மறுபக்கங்கள் எங்கள் நினைவுக்கு வரவில்லை, அமெரிக்காதான் வந்தது. வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1954இல் சிறார் குற்றங்களுக்குக் காமிக்ஸ் காரணமா என்று அமெரிக்க செனட் துணைக்குழு விசாரித்தது. கெய்ன்ஸ் சாட்சியம் அளித்தார். அவ்வாண்டே பதிப்பாளர்கள் கூடித் தணிக்கை அமைப்பு ஒன்றை நிறுவினார்கள். விற்பனையில் தள்ளாடிய அறிவியல் இதழ்களைத் தாங்கி நின்றவை திகில் இதழ்கள், அவை நின்றன. ஏற்கெனவே ஒன்றாக இணைக்கப்பட்டிருந்த இரு அறிவியல் இதழ்களும் ‘இன்க்ரெடிபிள் சயின்ஸ் ஃபிக்ஷன்’ என்று பெயர் மாறின. 1956இல் அதன் கடைசி இதழுக்கான கதை ஒன்று நிராகரிக்கப்பட, பதிலாக ‘ஜட்ஜ்மென்ட் டே’யை மறுபடி அனுப்பினார்கள். தணிக்கைத் தலைவர் சார்லஸ் மர்ஃபி அந்த மனிதர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். அவர் கறுப்பர் என்பதுதானே கதை என்றார் ஃபெல்ட்ஸ்டீன். அப்படியானால் வியர்வையையாவது நீக்குங்கள் என்று கேட்கப்பட்டதாம். கெய்ன்ஸ் தொலைபேசியில் சொன்ன பதிலை இங்கே அச்சிட இயலாது. ஒரு துளியும் குறையாமல் கதை வெளிவந்தது. இ.சி.யின் கடைசிக் காமிக்ஸ் இதழ் அது. அதன்பின் ‘மேட்’ பத்திரிகையே கெய்ன்ஸின் பிழைப்பாயிற்று.

கதையாகப் பார்த்தால் அது வாலி வுட்டின் சிறந்த பக்கங்களுக்குக் கீழேதான். பிரசங்கம் மிகுதி என்பதில் எங்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பந்தயம் அன்றோடு நின்றது. எஞ்சிய தொகுதிகளை ஆளுக்கொன்றாக எடுத்துச்சென்று தனித்தனியே வாசித்து முடித்தோம்.