முறை சொல்லி அழைக்கும் ஊர்

தாய்லாந்தின் தலைநகராகிய பாங்கொக்கில் நாம் குடியேறி 7 ஆண்டுகள் ஆகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து இந்நகருக்கும் எம்மைக் கொண்டுவந்தது உத்தியோகம். எம்மில் ஒருவர் நாள்தோறும் அலுவலகம் செல்கின்றார். மற்றவர் வீட்டையும் பிள்ளைகள் இருவரையும் கவனித்துக்கொள்கின்றார். அவரும் ஊரில் ஆசிரியராக இருந்தவரே. ஆயினும், உத்தியோகத்தரின் துணையாக வந்தவர் தமக்கெனத் தனியே வேலை அனுமதி பெறாமல் இங்கு ஒருநாளேனும் ஊதியத்துக்கு உழைத்தல் இயலாது. 90 நாட்களுக்கு ஒருமுறை எமது வதிவிடத்தைக் குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவித்தலும் வேண்டும். எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் இந்நாட்டில் நாம் யார் என்பதை மறக்கவிடாத ஏற்பாடு அது.

1782ஆம் ஆண்டு முதல் தலைநகராக விளங்கும் இந்நகரை இந்நாட்டு மக்கள் 'குருங் தேப்' என்பர். தேவர்களின் நகரம் என்பது பொருள். வானளாவிய மாடங்களையும், 1999இல் ஓடத் தொடங்கிய வான் ரயிலையும் கண்டு வியந்ததிலும் பார்க்க, இங்குள்ள சந்தையைக் கண்டே நாம் பெரிதும் வியந்தோம். முருங்கைக்காய், பலாக்காய், தேங்காய்ப் பால், ரம்பை யாவும் அங்கே உண்டு. 'கனொம் சீன்' என்னும் அரிசிமா உணவைக் கண்ட பிள்ளைகள் "இடியப்பம்!" என்றே கூவினர். வயிற்றுக்கு இவ்வூர் அந்நியமாகத் தோன்றவில்லை.

எனினும், இந்தியரையும் இலங்கையரையும் இங்குள்ளோர் பேச்சு வழக்கில் 'கேக்' என்பர். விருந்தாளி என்பதும் அச்சொல்லின் பொருளாகும். சீலோம் வீதியில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோவிலையும் 'வாட் கேக்' என்றே அழைக்கின்றனர். விருந்தாளிகளின் கோவில் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அது எமது நிலைமையைப் பிழையின்றிக் கூறுவதாகவே எமக்குத் தோன்றும்.

விருந்தாளிகளின் வாழ்வு எத்தகையது? எமது தொடர்மாடிக் குடியிருப்பில் பல நாட்டுக் குடும்பங்கள் வாழ்கின்றன. இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் வேறு நாட்டுக்குப் போய்விடுவர். எமது மகள் தன் உயிர்த் தோழியர் மூவரை இவ்வாறு விமான நிலையம் வரை சென்று வழியனுப்பியிருக்கின்றாள். பாடசாலையில் ஆங்கிலம்; விளையாட்டுத் திடலில் ஆங்கிலம். மின்தூக்கியில் சந்திக்கும் ஆடவர் அனைவரும் 'அங்கிள்'. பெண்டிர் அனைவரும் 'அன்ரி'. நேற்று வந்தவரும் அங்கிளே. நாளை போகின்றவரும் அங்கிளே.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருடன் பேசுவது எமது வழக்கம். இந்நகரின் கடிகாரம் இலங்கைக் கடிகாரத்திலும் ஒன்றரை மணி நேரம் முந்தியது. நாம் காலையுணவை முடித்து அமரும் வேளையில் யாழ்ப்பாணத்தில் முற்றம் கூட்டி முடிந்திருக்கும். ஒருநாள் இளைய மகன் தன் அப்பம்மாவையும் அம்மம்மாவையும் ஒரே சொல்லால், 'கிராண்மா' என்று அழைத்தான். இருவரும் அவனுக்குத் தொலைபேசித் திரையில் தோன்றும் நரைத்த தலைகளாகவே இருந்தனர். பிள்ளை எழுந்து சென்றபின் அப்பம்மா மெல்லிய குரலில், "பிள்ளைக்கு நான் ஆரெண்டு விளங்குதோ?" என்று வினவினார். அன்று பகல் முழுவதும் அக்கேள்வி எமது வீட்டில் இருந்தது.

அதற்கு விடை எமது ஒழுங்கையிலிருந்தே வந்தது. ஒழுங்கையை இங்கு 'சோய்' என்பர். அதன் முகப்பில் வாழைப்பழம் சுட்டு விற்கும் அம்மையார் ஒருவர், எம்மைக் கண்ட முதல் வாரத்திலேயே எமது வயதைக் கேட்டார். முன்பின் அறியாதவரிடம் வயது கேட்பதா என்று திகைத்தோம். வயது தெரியாமல் ஒருவரை எவ்வாறு அழைப்பது என்பதே அவரது கவலை என்று பின்னர் அறிந்தோம். அவர் எம்மிலும் மூத்தவர். ஆதலால் எமக்கு அவர் 'பா'. தாய்க்கோ தந்தைக்கோ மூத்த சகோதரி என்பது அதன் பொருள். நாம் அவருக்கு 'நோங்'. அதாவது தம்பி, தங்கை. காவற்காரக் கிழவர் 'லுங்'; பெற்றோரின் மூத்த சகோதரர். ஐவகைத் தொனிகளையுடைய இம்மொழியை நாம் இன்றும் தட்டுத்தடுமாறியே பேசுகின்றோம். ஆனால் இந்த முறைப் பெயர்கள் மட்டும் முதலாண்டிலேயே நாவில் ஏறிவிட்டன.

மகனுக்கு 6 வயதானபோது, பாடசாலையில் குடும்ப மரம் ஒன்றை இந்நாட்டு மொழியில் எழுதிவரும்படி கூறியிருந்தனர். தந்தையின் தந்தை 'பூ'; தந்தையின் தாய் 'யா'; தாயின் தந்தை 'தா'; தாயின் தாய் 'யாய்'. ஆங்கிலத்தில் இரண்டு சொற்களுள் அடங்கிவிடும் நால்வருக்கும் இங்கு நான்கு தனிச் சொற்கள். "எனது யா யார்?" என்று அவன் கேட்டான். "உன் அப்பம்மா" என்றோம். "யாய்?" "அம்மம்மா." அப்பப்பாவும் அம்மப்பாவும் தொடர்ந்து வந்தனர். சற்று நேரம் தாளைப் பார்த்திருந்தவன், "எங்களிடமும் நான்கு இருக்கின்றனவே!" என்றான். தமிழில் இருந்த செல்வத்தை அவனுக்கு அறிவித்தது இந்நாட்டு மொழி.

சங்கத் தமிழில் 'யாய்' என்பது என் தாய் எனப் பொருள்படுவதை மாணவர் அறிவர். இரு மொழிச் சொற்களுக்கும் தொடர்புண்டு என்று நாம் கூற வரவில்லை. ஒலி ஒற்றுமை இனிமையாய் இருந்தது, அவ்வளவே. இரு முறைகளுக்குமிடையே வேறுபாடும் உண்டு. இவர்கள் வயதையே முதலில் நோக்குவர். தாயுடன் பிறந்த இளையவர் ஆணாயினும் பெண்ணாயினும் 'நா' என்ற ஒரே சொல்லுள் அடங்குவர். நாமோ எவ்வழி உறவு என்பதையும் சேர்த்தே நோக்குவோம். சித்தப்பாவின் பிள்ளை சகோதரம். மாமாவின் பிள்ளை மச்சான் அல்லது மச்சாள். 'அங்கிள்' என்ற சொல்லுள் இருவரையும் ஒருங்கே அடைத்துவிட்டால், யார் சகோதரர், யார் மச்சான் என்பதைப் பிள்ளை எங்ஙனம் அறியும்?

முறைப் பெயர் வெறும் மரியாதைச் சொல்தானே என்று கருதுவோர் உளர். ஈராண்டுக்கு முன் ஒரு வைகறையில் பிள்ளைகளின் அம்மப்பா காலமான செய்தி வந்தது. அன்றிரவு வரை விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. ஊரிலாயின் அந்நேரம் அயலவர் நிறைந்திருப்பர்; பந்தலுக்குக் கம்பு நாட்டுவோர், தேநீர் கொடுப்போர், யாருக்குச் செய்தி சொல்வது என்று கணக்கெடுப்போர் என வீடு தாங்காது. இங்கோ தொலைபேசியில் அனுதாபச் செய்திகள் வந்துகொண்டிருந்தன, யாவும் அன்பானவையே. நண்பகலில் மகளை அழைத்துக்கொண்டு கீழே இறங்கியபோது, அவள் அழுத முகத்தைக் கண்டு 'பா' காரணம் கேட்டார். பாட்டனார் இறந்துவிட்டார் என்று நாம் ஆங்கிலமும் அவர் மொழியும் கலந்து கூறினோம். அவர் உடனே, "பூவா, தாவா?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் எந்தப் படலையிலும் முதலில் எழும் கேள்வி அதுதான். "தா" என்று மகள் விடை சொன்னாள். அம்மையார் அடுப்பை விட்டெழுந்து வந்து அவள் தலையைத் தடவினார். அன்று முழுவதும் இறந்தவர் யார் என்று சரியாக அறிந்துகொண்டு துக்கம் கேட்டவர் அவர் ஒருவரே. அவர் எமக்கு உறவினர் ஆகிவிட்டார் என்று நாம் கூறமாட்டோம். ஊரின் வெறுமையை எவராலும் நிரப்ப இயலாது. ஆயினும் அந்த ஒரு வினாவினால் எம் பிள்ளையின் துயரம் பெயருள்ளதாயிற்று.

அடுத்த சித்திரையில் அப்பம்மாவை இங்கு அழைத்துவந்தோம். ஏப்ரல் 13ஆம் தேதி இந்நாட்டாரின் புத்தாண்டாகிய 'சொங்கிரான்' தொடங்குகின்றது. எமது புத்தாண்டும் அதையொட்டியே வருவது. 2023இல் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விழாவை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. வீதியில் நீர் வாரி இறைப்பதையே வெளியார் பெரிதும் அறிவர். வீட்டினுள்ளே இளையோர் மூத்தோரின் உள்ளங்கைகளில் நறுநீர் வார்த்து ஆசி பெறுவர். எமக்கோ மூத்தோர் தம் கையால் இளையோர் தலையில் மருத்துநீர் வைப்பர். அப்பம்மா ஊரிலிருந்து மருத்துநீர்ச் சரக்குகளைப் பொதி செய்து கொண்டுவந்திருந்தார். காலையில் அவர் பேரப்பிள்ளைகளின் தலையில் மருத்துநீர் வைத்தார். மாலையில் அவர்கள் அவர் கைகளில் மல்லிகை மிதக்கும் நீரை வார்த்தனர்.

மறுநாள் ஒழுங்கை முகப்பில் 'பா' அவரைக் கண்டு, "யாய்" என்று கைகூப்பினார். இளையவன் குறுக்கிட்டு, "யாய் இல்லை, யா" என்று அந்நாட்டு மொழியில் திருத்தினான். பின்னர் அப்பம்மாவின் பக்கம் திரும்பி, "நீங்கள் என் அப்பாவின் அம்மா, அதைத்தான் சொன்னேன்" என்றான். அப்பம்மா ஒன்றும் பேசவில்லை. அவன் கையைப் பற்றியவாறே வீடு வரை நடந்து வந்தார்.

பிறநாடுகளில் வாழும் குடும்பங்களுள் தமிழ் வகுப்பு எட்டாத் தொலைவில் இருப்பன பல. அவர்களுக்கும் இம்முறைப் பெயர்கள் கைக்கெட்டும் பொருளே. புத்தகம் வேண்டாம், கட்டணம் வேண்டாம். ஒவ்வொரு முறையும் தொலைபேசியை எடுக்கும்போது இரண்டு சொற்கள் போதும்.

சென்ற மாதம் கொழும்பிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் எமது மாடிக்குக் குடிவந்தது. வாசலில் நின்ற அம்மையாரைக் காட்டி, "அன்ரிக்கு வணக்கம் சொல்" என்றோம். மகன் உடனே வணங்கவில்லை. அவரை ஏறிட்டுப் பார்த்து, "நீங்கள் எங்கள் அம்மாவுக்கு மூத்தவரா, இளையவரா?" என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "இளையவள்" என்றார். "அப்படியாயின் சின்னம்மா" என்று சொல்லி, அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தான்.