வயிற்றையும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்

ஓய்வு பெற்றபின் ஸ்பெயின் பார்க்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்: கைக்கடிகாரத்தை மாற்றினால் போதாது, வயிற்றையும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு கேட்டால் பல கடைகளில் அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டார்கள். மதியச் சாப்பாடு இரண்டு, இரண்டரைக்கு. இரவுச் சாப்பாடு ஒன்பதைத் தாண்டி. வேளைக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு இது சங்கடம்தான். சர்க்கரை உள்ளவர்கள் பதினோரு மணிவாக்கில் ஒரு காபியும் ஒரு துண்டு ரொட்டியும் சாப்பிட்டுக்கொள்ளலாம். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இந்தத் தாமதத்துக்குள் கொஞ்சம் சரித்திரமும் இருக்கிறது. வரைபடத்தில் மாட்ரிட் லண்டனுக்கும் மேற்கே கிடக்கிறது. ஆனால் 1940இல் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்துவிட்டது. உலகப் போர் முடிந்தது, பிராங்கோவும் போய்ச் சேர்ந்தார், கடிகாரம் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகிவிடும். வெளிச்சம் இருக்கும்போது யாருக்கு இரவுச் சாப்பாட்டு நினைவு வரும்?

எங்கள் தலைமுறைக்குக் காத்திருப்பது புதிதில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம். டிரங்க் கால் பதிந்துவிட்டு நாள் முழுக்கத் தொலைபேசியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். கேஸ் இணைப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் பொறுத்தோம். இப்போது எல்லாம் விரல் நுனிக்கு வந்துவிட்டதால் அந்தப் பழக்கம் சும்மா கிடக்கிறது. ஸ்பெயினில் அதற்கு நல்ல வேலை இருக்கிறது.

மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகம் 1819இல் திறக்கப்பட்டது. ஒரே நாளில் முழுக்கப் பார்த்துவிடலாம் என்று இறங்குகிறவர்களுக்குக் கால்வலிதான் மிச்சம். 1656இல் வெலாஸ்கெஸ் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ முன்னால் மட்டும் அரை மணி நேரம் நின்று பாருங்கள். அங்கே படம் எடுக்க அனுமதி இல்லை, அதுவும் நல்லதற்குத்தான். பத்தடிக்கு மேல் உயரமுள்ள ஓவியம். நடுவில் குட்டி இளவரசி மார்கரீத்தா, இரு பக்கமும் தோழிப் பெண்கள். வலது ஓரத்தில் படுத்திருக்கும் பெரிய நாயின் மேல் ஒருவன் காலை வைத்துச் சீண்டுகிறான். இடது பக்கம் தூரிகையோடு ஓவியரே நிற்கிறார். ராஜாவும் ராணியுமோ பின்சுவரில் மாட்டிய கண்ணாடியில் மங்கலாகத்தான் தெரிகிறார்கள். முதல் ஐந்து நிமிடம் இளவரசியை விட்டுக் கண் நகராது. பிறகு, காவலர் முறைக்காத தூரம் வரை கிட்டே போய் அவள் உடையைப் பாருங்கள். சாம்பல், வெள்ளை, கொஞ்சம் சிவப்பு என்று அவசரமாக இழுத்துவிட்ட தீற்றல்கள்தான் தெரியும், வேறொன்றும் இருக்காது. நாலு எட்டு பின்னால் வந்தால் அதே இடத்தில் பட்டு மினுங்கும்.

ஓவியரின் மார்பில் ஒரு சிவப்புச் சிலுவை இருக்கிறது. படத்தை முடித்தபோது அது அங்கே கிடையாது. சான்டியாகோ வீரர் குழாமில் சேரவேண்டும் என்பது வெலாஸ்கெஸின் நெடுநாள் ஆசை. அதில் சேர உயர்குடிப் பிறப்பு வேண்டும். முன்னோரில் யூதரோ முஸ்லிமோ இருக்கக் கூடாது. கையால் வேலை செய்து பிழைத்தவராகவும் இருக்கக் கூடாது. ஊர் ஊராகப் போய்ச் சாட்சிகளை விசாரித்தார்கள். இவர் பிழைப்புக்காகப் படம் விற்றவர் இல்லை என்று சக ஓவியர்களே வந்து சொன்னார்கள்! கடைசியில் போப்பாண்டவரின் விதிவிலக்கும் தேவைப்பட்டது. 1659இல் பதவி கிடைத்தது, மறு வருடமே மனிதர் இறந்துபோனார். அந்தச் சிலுவை படத்தில் பிற்பாடு ஏறியது. இத்தனை பெரிய கலைஞனுக்கும் ஒரு பட்டத்தின் மேல் இவ்வளவு ஏக்கம் இருந்திருக்கிறது. பதவி உயர்வுப் பட்டியலில் தன் பெயரைத் தேடித் தேடியே கண் மங்கிப்போன அலுவலகத் தோழர்களை நினைத்துக்கொண்டேன்.

பிராதோவிலிருந்து நடக்கிற தூரத்தில் ரெய்னா சோஃபியா. பிக்காசோவின் ‘குவெர்னிகா’ அங்கேதான் இருக்கிறது. 1937 ஏப்ரல் 26, சந்தை நாள். பாஸ்க் பகுதியிலுள்ள குவெர்னிகா என்ற சிற்றூரின் மேல், உள்நாட்டுப் போரில் பிராங்கோவுக்குத் துணையாக வந்த ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டன. அதே வருடம் பாரீஸ் கண்காட்சிக்காகப் பிக்காசோ இதை வரைந்தார். ஏழே முக்கால் மீட்டர் நீளத்தில் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் மட்டும். ஸ்பெயினில் மக்களின் சுதந்திரம் திரும்பும் வரை படம் அங்கே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் 1973இல் இறந்தார், பிராங்கோ 1975இல். நியூயார்க்கில் காத்திருந்த படம் 1981இல்தான் ஸ்பெயினுக்கு வந்தது. படத்தின் இடது மூலையில் செத்த குழந்தையை மடியில் கிடத்தி வானத்தைப் பார்த்துக் கதறும் தாயைப் பாருங்கள். விளக்கப் பலகையை அதற்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

அருங்காட்சியகங்களைப் பற்றி இவ்வளவு போதும். ஏனென்றால் ஸ்பெயின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வலென்சியா பேராலயத்தின் ஒரு வாசல்படி. அங்கே வியாழக்கிழமைதோறும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நீர் நீதிமன்றம் கூடும். துரியா ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களுக்கு விவசாயிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், கறுப்பு அங்கியோடு வட்டமாக உட்காருவார்கள். வழக்கு, விசாரணை, தீர்ப்பு எல்லாம் வாய்மொழிதான். வக்கீலுக்கு அங்கே வேலை கிடையாது. ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, புகார் உண்டா என்று கேட்பார்கள். பல வாரங்களில் புகாரே இருக்காது, சில நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். அரபு ஆட்சிக் காலத்தின் பாசன ஏற்பாட்டோடு தொடர்புடைய வழக்கம் இது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. மடைக்கும் மதகுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டு ஏறுகிற ஊர்களிலிருந்து போகிறவர்கள் அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பார்கள்.

ஸ்பெயினுக்கு நெல் சாகுபடியைக் கொண்டுவந்தவர்களும் அரபு ஆட்சிக்காலத்து மக்கள்தான். பாயெயா பிறந்ததும் வலென்சியாப் பக்கத்தில், அல்புஃபேரா ஏரியை ஒட்டிய வயல்வெளியில். அகலமான தட்டை வாணலியில், கோழியும் முயலும் அவரைவகைப் பயறுகளும் குங்குமப்பூவும் சேர்த்து வேகும் அரிசி. அந்த ஊர்க்காரர்களுக்கு அது மதியச் சாப்பாடு. இரவில் அதைக் கேட்டால் நீங்கள் வெளியூர் என்று உடனே தெரிந்துவிடும். அடியில் பிடித்த முறுகலுக்கு அங்கேயும் போட்டிதான். நம் வீட்டில் வெண்கலப் பானைக் காந்தலுக்குச் சண்டை போட்ட மாதிரியே.

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் விவரமாகக் கேட்க வேண்டும். “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும். கோர்தோபாவில் தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் அரைத்துச் செய்யும் சால்மோரேஹோ என்ற குளிர்ந்த கூழ் கிடைக்கும். மேலே தூவும் பன்றித் தொடைக்கறியையும் முட்டையையும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செவியாவில் பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சீரக வாசனையோடு வரும். வேலை நாட்களில் மதியம் ‘மெனு தெல் தியா’ என்று கேட்டால் இரண்டு பதார்த்தம், ரொட்டி, குடிக்க ஒன்று, பெரும்பாலும் இனிப்பும் சேர்த்து ஒரே விலைக்குக் கொடுப்பார்கள். ஓய்வூதியக்காரர்களுக்குத் தோதானது. ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது வரும். பரிமாறுகிறவரைக் கை தட்டி அவசரப்படுத்தினால் இன்னும் தாமதமாகும்.

முட்டை சாப்பிடுகிறவர்கள் தோர்த்தியாவை விட்டுவிடக் கூடாது. உருளைக்கிழங்கை ஆலிவ் எண்ணெயில் மெல்ல வேகவிட்டு, அடித்த முட்டையில் ஊறவைத்து, கனமான அடையாக வார்க்கிறார்கள். நல்ல கடையில் வெட்டினால் நடுப்பகுதி இன்னும் கொஞ்சம் குழைந்து இருக்கும். அதில் வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்று அந்த நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு மாட்ரிட் கடையில் பக்கத்து முக்காலியில் இருந்த பெரியவர், நான் எந்தக் கட்சி என்று சைகையிலேயே கேட்டார். வெங்காயக் கட்சி என்றேன். என் மனைவி எதிர்க்கட்சி. பெரியவர் அவளுக்கு ஒரு துண்டு கூடுதலாக வாங்கிக் கொடுத்தார்.