கணக்கில் வராத சொத்து

கணக்கியல் படிக்கிறேன் என்றால், "அதில் தமிழில் எழுத என்ன இருக்கிறது?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது.

இரு நிறுவனங்கள் ஒன்றாகும்போது அவற்றின் கணக்குகளை எப்படி ஒன்றாக்குவது? நெடுங்காலம் இரண்டு முறைகள் இருந்தன. இரு ஏடுகளிலும் உள்ள தொகைகளை அப்படியே கூட்டுவது இணைப்பு முறை. ஒன்று மற்றொன்றை விலைக்கு வாங்கியதாகக் கொள்வது கொள்முதல் முறை.

ஓர் எடுத்துக்காட்டு. பழைய தோட்ட நிறுவனம் ஒன்றின் நிகரச் சொத்து, ஏட்டின்படி 6 மில்லியன் ரிங்கிட். நிலம் வாங்கிய காலத்து விலை அது. இன்றைய மதிப்போ 8 மில்லியன். வாங்குபவர் 10 மில்லியன் கொடுக்கிறார். இணைப்பு முறையில் 6 மில்லியன்தான் ஏடேறும். பின்னாளில் நிலத்தை விற்றால், நிர்வாகத் திறமையால் வந்த இலாபம் போல அது தோன்றும். கொள்முதல் முறையிலோ 8 மில்லியன் சொத்தாகவும், மீதி 2 மில்லியன் 'நன்மதிப்பு' என்றும் பதிவாகும். மலாயில் இதை 'முஹிபா' என்பார்கள்.

கொடுத்த விலையையே மறைத்துவிடுவதால் இணைப்பு முறையை அமெரிக்கா 2001இல் கைவிட்டது. அனைத்துலகத் தரமான ஐ.எஃப்.ஆர்.எஸ். 3 அதை 2004இல் விலக்கியது. மலேசியாவில் 2006 முதல் அதே நெறி. ஒரே உரிமையாளரின் கீழுள்ள நிறுவனங்கள் இணையும்போது மட்டும் பழைய முறை இன்னும் வழங்குகிறது.

நன்மதிப்பு ஆண்டுதோறும் சோதிக்கப்படும். மதிப்புக் குறைந்தால் நட்டமாக எழுத வேண்டும். 2001இல் ஒன்றான ஏ.ஓ.எல். டைம் வார்னர், 2002ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ 98.7 பில்லியன் அமெரிக்க டாலர் நட்டம் காட்டியது. அதில் பெரும்பகுதி, கரைந்துபோன நன்மதிப்பே.

அந்த நன்மதிப்புக்குள் என்னவெல்லாம் இருக்கின்றன என்று பாடத்தில் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பயிற்சி பெற்ற தொழிலாளர்களைத் தனிச் சொத்தாகப் பதியக்கூடாது. அவர்களின் மதிப்பு நன்மதிப்போடு கலந்துவிடும் என்கிறது விதி. நிலத்துக்கு ஒரு வரி, மரத்துக்கு ஒரு வரி, ஆலைக்கு ஒரு வரி. பால்மரம் சீவிய என் பாட்டிக்கு வரி இல்லை. பட்டையில் கத்தி எவ்வளவு இறங்க வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். சற்றே ஆழமானால் மரம் காயப்படும். அந்தக் கைத்திறன் இல்லாமல் மரத்துக்கு ஏது மதிப்பு?

ஆனால் விதியின் காரணம் என்னைச் சிந்திக்க வைத்தது. மனிதனை நிறுவனம் கட்டுப்படுத்த முடியாது. அவன் நாளையே வேலையை விட்டுப் போகலாம். ஆகவே அவன் சொத்தல்ல. நம் முன்னோர் ஏட்டில் இருந்த காலமும் உண்டு: ஒப்பந்தக் கூலிகளாக, முன்பணக் கடன்காரர்களாக. மலாயாவில் அந்த ஒப்பந்தமுறை 1910இல் ஒழிந்தது. சொத்துப் பட்டியலில் நம் பெயர் இல்லாதது ஒரு வகையில் விடுதலையே.

எனினும் ஓர் ஐயம் நீங்கவில்லை. 2007இல் சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி ஆகிய மூன்றும் ஒன்றாயின. 2017இல் தோட்டப் பிரிவு தனியே பங்குச் சந்தைக்கு வந்தது, 2024இல் எஸ்.டி. கத்ரி எனப் பெயர் மாறியது. பெயருக்கே இவ்வளவு மதிப்பு என்றால், அந்தப் பெயரை வளர்த்த கைகளுக்கு?

அந்தப் பதில் ஐந்தொகையில் வராது. அதை எழுத வேண்டியவர்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த நாம்தாம். நன்மதிப்பு என்ற ஒற்றை வரிக்குள் எத்தனை பாட்டிகள் இருக்கிறார்கள் என்று, கணக்குத் தெரிந்த தமிழர்களாவது எண்ணிப் பார்க்க வேண்டாமா?