பீலிக்கரையும் பெருவெளியும்

மனிதன் கூடிவாழும் இயல்பினன் என்பது பள்ளிப் பருவத்திலேயே நாம் மனனஞ் செய்துவிட்ட வாக்கியம். ஆனால் எத்தனை பேருடன் கூடிவாழ இயலும் என்ற வினாவை அந்நாளில் எவரும் எம்மிடம் எழுப்பியதில்லை. இன்று அவ்வினா தவிர்க்க முடியாததாகிவிட்டது. 2004ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியில் தோன்றிய முகநூலை, 2023ஆம் ஆண்டளவில் மாதந்தோறும் 300 கோடிக்கும் அதிகமானோர் பயன்படுத்தினர். மனித வரலாற்றில் இத்துணைப் பெரிய கூட்டம் ஒரே கூரையின்கீழ் முன்னெப்போதும் கூடியதில்லை. அத்தகைய பெருங்கூரைகளின்கீழ் ஐந்தாண்டுகள் இருந்துவிட்டு, இப்பொழுது 43 பேர் மட்டுமே கொண்ட ஒரு சிறு இணையக் குழுவில் எனது மாலைப் பொழுதுகளைக் கழித்து வருகின்றேன். ஏன் அவ்வாறு செய்தேன் என்பதை எனக்கே விளக்கிக்கொள்ளும் முயற்சிதான் இக்கட்டுரை.

நான் பிறந்து வளர்ந்தது நோட்டன் பிரிட்ஜை அண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில். கெஹெல்கமு ஓயாவை மறித்தெழுப்பிய அணையும், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரால் இயங்கும் விமலசுரேந்திர மின்நிலையமும் வெளியுலகத்தார் எமது ஊரை அறிந்துகொள்ளும் அடையாளங்கள். அந்த மின்நிலையம் 1965ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதன் பின்னரும் பல ஆண்டுகள் எமது லயத்தில் குப்பி விளக்குத்தான் எரிந்தது என்பாள் என் அம்மாயி. மின்கம்பிகள் எமது தலைக்கு மேலாகவே கொழும்பை நோக்கிச் சென்றன. பெரிய அமைப்புக்கள் எம்மூடாகக் கடந்து செல்லும், எம்மிடம் தங்கிச் செல்வது அரிது என்ற உணர்வு எமது மக்களுக்கு அவ்வாறு பழகிப்போன ஒன்று.

எம்மிடம் தங்கியது பீலிக்கரை. மலையூற்று நீரை மூங்கிலாலோ தகரத்தாலோ ஆன பீலி கொண்டு இறக்கி, அதன்கீழ் குடம் வைத்துக் காத்திருக்கும் அவ்விடமே தோட்டத்துப் பெண்களின் மன்றம். அங்கே எவரும் எவரையும் நோக்கிச் சொற்பொழிவாற்றுவதில்லை. ஒருத்தி சொல்வாள், மற்றொருத்தி குறுக்கிட்டுக் கேட்பாள், மூன்றாமவள் திருத்துவாள். இரண்டு நாள் ஒருத்தி தண்ணீருக்கு வராவிட்டால், மூன்றாம் நாள் அவள் காம்பராவின் இஸ்தோப்பிலே யாராவது ஒருவர் போய் நிற்பார். ஒருவர் வராமற்போனதும் அங்கே செய்தியாகும். பெருங்கூட்டத்தில் வந்தவர்க்கே கணக்குண்டு, வராதவர்க்கு இல்லை.

ஒரு மனிதன் நிலையாகப் பேணக்கூடிய உறவுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 150 தான் என 1992ஆம் ஆண்டில் பிரித்தானிய மானிடவியலாளர் ரொபின் டன்பார் கருதினார். குரங்கினங்களின் மூளையின் அளவையும் அவற்றின் கூட்டங்களின் அளவையும் ஒப்பிட்டு அவர் இம்முடிவுக்கு வந்தார். அவ்வெண் துல்லியமானதா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஓர் எல்லை இருக்கின்றது என்பதை ஒரு லயத்தில் வாழ்ந்தவர் எவரும் மறுக்கமாட்டார்.

இனி என் அனுபவத்துக்கு வருகின்றேன். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து மக்காவுக்கு யாத்திரை புறப்பட்டவர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயர் நிறுவனத்தின் விமானம், கட்டுநாயக்காவில் இறங்குவதற்கு முன்னர் ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. 182 பயணிகளும் 9 பணியாளர்களுமாக 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவ்விமானத்தின் சக்கரமொன்று நினைவுச் சின்னமாக நோட்டன் பிரிட்ஜில் வைக்கப்பட்டது. எமது ஊர்ப் பிள்ளைகள் அச்சக்கரத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆனால் மறுநாள் மலையேறிய தோட்டத்து மனிதர்களைப் பற்றி அச்சக்கரம் ஒன்றும் சொல்வதில்லை.

அம்மாயிக்கு அப்பொழுது வயது பதினெட்டு. தாத்தாவும் மலையேறியவர்களுள் ஒருவர். இறந்தவர் ஒருவரை மூடுவதற்குத் தமது கம்பளியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அவ்வாண்டுக் குளிர்காலம் முழுவதும் அவர்கள் இருவரும் சாக்கைப் போர்த்திக்கொண்டு உறங்கினர். இதனை அம்மாயி துயரக் கதையாகச் சொல்வதில்லை. வீட்டிலிருந்து பொருளொன்று போன கணக்காகவே சொல்வாள்.

மூன்றாண்டுகளுக்கு முன் இதனை ஒரு பெரிய சமூக வலைத்தளத்தில் எழுதினேன். ஓரிரவுக்குள் நூற்றுக்கணக்கான விருப்பக்குறிகள் குவிந்தன. எனது உள்ளம் பூரித்தது. மறுநாள் பின்னூட்டங்களைப் படித்தேன். கண்ணீர்ச் சின்னங்கள் பல இருந்தன. இருவர் எனது இடுகையின் கீழே தொழிற்சங்க அரசியல் பற்றிச் சண்டையிட்டனர். மூன்றாம் நாள், யாரோ ஒருவர் அக்கதையை எடுத்து, வேறெங்கோ விழுந்த வேறொரு விமானத்தின் படத்தை ஒட்டித் தமது பக்கத்தில் வெளியிட்டிருந்தார். நான்காம் நாள் அதனைப் பற்றி எவரும் பேசவில்லை. இத்தனைக்கும் நடுவே, அம்மாயியிடம் திருப்பிக் கேட்கத்தக்க ஒரு வினாவையேனும் எவரும் என்னிடம் கேட்டிலர்.

இதற்கு அங்கு கூடியிருந்த மனிதர்களைக் குறைகூறுவது நியாயமன்று. அவ்வமைப்பின் இயல்பே அதுவாகும். முகநூலை நடத்தும் நிறுவனத்தின் வருமானத்தில் மிகப் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்தே கிடைக்கின்றது. ஆதலின் பார்ப்பவரை நகரவிடாது பிடித்து வைத்திருப்பது எதுவோ அதுவே முன்னே தள்ளப்படுகின்றது. வியப்பும் சினமும் அவ்வாறு பிடித்து வைப்பதில் வல்லவை. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கண்டி மாவட்டத்தின் திகனப் பகுதியில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்செயல் மூண்டபோது, வெறுப்பைப் பரப்பும் செய்திகள் அத்தளத்தில் தடையின்றி உலவின. அரசாங்கம் சமூக வலைத்தளங்களைச் சில நாட்கள் முடக்க நேர்ந்தது. தமது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக 2020ஆம் ஆண்டில் அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது. அதற்கு முன்னரே வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்துவிட்டிருந்தன.

சில மாதங்களின் பின், களனி கங்கையின் மேற்பகுதித் தோட்டங்களின் நினைவுகளைச் சேர்க்கும் ஒரு சிறு இணையக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார் விடுதித் தோழி ஒருவர். ஒன்பது பேருடன் தொடங்கிய குழு அது. நான் சேர்ந்தபோது இருபதின்மர் இருந்தனர். அம்மாயியின் கதையை அங்கும் எழுதினேன். இரண்டு நாள் எவரும் வாய்திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டே வரியில் கேட்டார்: "மகள், அந்தக் கம்பளி தோட்டத்தில் கொடுத்ததா, கடையில் வாங்கியதா? அம்மாயியிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?"

நான் கேட்டேன். தோட்டத்தில் கொடுத்தது, அதன் விலை மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது, கொடுத்துவிட்டு வந்த பின்னரும் மூன்று மாதம் பிடித்தார்கள் என்றாள். இறந்துபோன ஒருவரைப் போர்த்திய கம்பளிக்கு என் தாத்தா கடன் செலுத்திக்கொண்டிருந்தார் என்பதை, அக்கதையை நூறு முறை கேட்டிருந்த நான் அன்றுதான் அறிந்தேன். ஒரு வினா இல்லாமற் போயிருந்தால் அது அம்மாயியோடு போயிருக்கும்.

அதன் பின்னர் குழு மெல்ல மெல்ல வேலையில் இறங்கியது. அது மார்கழி மாதம் என்று அம்மாயி உறுதியாகச் சொன்னாள். டிசம்பர் 4 கார்த்திகையில் விழுவதை ஒருவர் பஞ்சாங்கக் கணக்கால் காட்டினார். குவைத்தில் வீட்டுப் பணி செய்யும் ஒரு பெண் தம் தந்தை மலையேறியதைக் குரற்பதிவாக அனுப்பினார். நீலகிரியின் கோத்தகிரியிலிருந்து ஒருவர் இணைந்தார். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் அவருடையது. அவருடைய பெரியப்பாவும் அன்று மலையேறியவராம். இவ்வாறு மலையேறியவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று உருவாயிற்று.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காது கூறவேண்டும். அப்பட்டியலில் ஒரு குறிப்பிட்ட லயத்தவரின் பெயர்கள் மட்டும் இடம்பெறவில்லை. அவர்கள் எவர் என்பதும், ஏன் விடுபட்டனர் என்பதும் குழுவிலிருந்த பலருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சாதி பற்றிய பேச்சை எடுத்து இருக்கும் ஒற்றுமையைக் குலைப்பானேன் என்று நாம் யாவரும் வாளாவிருந்தோம். சிறு கூட்டத்தின் நோய் இதுவே. ஒருவரையொருவர் அறிந்தமையால் வரும் அன்பு, ஒருவரையொருவர் அறிந்தமையாலேயே வரும் மௌனமாகவும் மாறிவிடுகின்றது. பீலிக்கரையிலும் முதலில் எவர் குடம் வைப்பது, கடைசியில் எவர் வைப்பது என்ற வரிசை ஒருகாலத்தில் இருந்ததை மறந்துவிட்டு அதனைப் புகழ்வது பொய்யாகும்.

அம்மௌனத்தை உடைத்தவர் சேர்ந்து ஒரு வாரமேயான புதிய உறுப்பினர், கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்யும் இளைஞர். "எங்க லயத்து ஆளுங்க பேரு ஒன்னும் இல்லையே, அவுங்களும் போனாங்கதானே?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார். ஒரு நாள் முழுவதும் குழு அமைதியாயிருந்தது. பின்னர் ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார். ஏழு பெயர்கள் சேர்க்கப்பட்டன.

அன்றுதான், சிறுமை மட்டும் போதாது, வளர்ச்சியும் வேண்டும் என்பதை உணர்ந்தேன். சிறியதாயிருப்பதால் ஒருவரின் குரல் கேட்கின்றது. வளர்ந்துகொண்டிருப்பதால் புதிய குரல் வருகின்றது. வளராத சிறு குழு உறவினர் கூட்டமாகச் சுருங்கிவிடும். அளவிறந்து வளர்ந்த குழுவில் அவ்விளைஞரின் வினா ஆயிரம் பின்னூட்டங்களுள் ஒன்றாக மறைந்து போயிருக்கும்.

இவ்வகையில் தமிழர் கண்ட பெரிய முயற்சிகள் சில, சிறு முற்றங்களிலேயே முளைத்தன. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலானோர் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளிற் சிதறியிருந்த ஆர்வலர்கள் தத்தம் வீடுகளில் இருந்துகொண்டு இலக்கிய நூல்களைத் தட்டச்சுச் செய்து வளர்த்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு தொடங்கியபோது, இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன் தொடக்கக் காலத்தில் ஏறத்தாழத் தனித்தே அதற்குக் கட்டுரைகள் எழுதினார். 2017ஆம் ஆண்டில் அது ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டியது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நெருப்புக்கு இழந்த ஒரு சமுதாயத்தின் இளைஞர்கள் 2005ஆம் ஆண்டில் நூலகம் திட்டத்தைத் தொடங்கினர். மலையகத்தின் சிற்றிதழ்களைத் தேடும் மாணவர்கள் இன்று முதலில் நாடுவது அதனைத்தான். இவற்றுள் எதுவும் கோடிக்கணக்கானோரால் ஆனதன்று. தமிழ் விக்கிப்பீடியாவைப் படிப்போர் இலட்சக்கணக்கினராயினும், தொடர்ந்து எழுதுவோர் சில நூற்றுவரே. அங்கே புதியவர் ஒருவருக்கு நிரப்புவதற்கு ஓர் இடம் கண்ணுக்குத் தெரிகின்றது. தன்னால் ஆகவேண்டிய வேலை ஒன்று உண்டு என்று ஒருவருக்குத் தோன்றுவதைவிட வலிய ஈர்ப்பு வேறொன்றுமில்லை.

பெருவெளி பயனற்றது என நான் வாதிடவில்லை. 2018ஆம் ஆண்டு ஒக்ரோபர் 24ஆம் திகதி, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1000 ரூபாயாக உயர்த்தக் கோரி, மலையக இளைஞர்கள் கறுப்பு உடையணிந்து கொழும்புக் காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கில் திரண்டனர். சமூக வலைத்தளங்கள் இன்றேல் அவ்வழைப்பு அத்துணை விரைவில் அவர்களை எட்டியிராது. உரிமைக்குரலுக்குத் திடல் வேண்டும். ஆனால் திடலில் எவரும் குடியிருப்பதில்லை. திடலுக்குச் சென்றவர்கள் திரும்பிவந்து பேசுவதற்கு ஓர் இடம் இல்லையெனில், அடுத்த நாள் அடுத்த செய்தி அவர்களை விழுங்கிவிடும்.

எமது குழு இன்று 43 பேர். இன்னும் எத்தனை பேரைச் சேர்ப்பது என்பது பற்றி விவாதம் நடக்கின்றது. கதவை அடைக்கலாகாது என்பது என் கட்சி. நூற்றைம்பதைக் கடந்தால் தோட்டத்துக்கு ஒன்றாகப் பிரிந்துகொள்ளலாம் என்று ஆசிரியர் கூறுகின்றார். தேனீக்கள் அவ்வாறுதானே செய்கின்றன என்பது அவரது வாதம்.

அம்மாயிக்கு இவ்விவாதங்கள் எவையும் விளங்குவதில்லை. முன்பு பெரிய தளத்தில் அவள் கதையை எழுதியபோது, எத்தனை பேர் விரும்பினார்கள் என்று நான் ஓடிச்சென்று சொன்னேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு அரிசி புடைத்தாள். இப்பொழுது விடுமுறைக்கு வீடு சென்றால், விளக்கேற்றிய பின் தானாகவே இஸ்தோப்பில் வந்து அமர்ந்துகொள்கின்றாள். கைப்பேசியை நான் எடுப்பதற்குள் அவள் கேட்பது ஒன்றுதான்:

"இன்னைக்கு யாரும்மா, என்னா கேட்டாங்க?"